ஜூலை பதினாலுக்குப் பதினாலு புத்தகங்கள்

ஜூன் 17, திங்கள்

நெஞ்சு படபடப்பு என்று போனால் டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. "மனசுல ஓடறத ஒரு நோட்ல எழுதுங்க, தானா அடங்கிடும்" என்றார். மாத்திரை கொடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எழுதிப் பார்க்கிறேன்.

பெயர் அமலோற்பவம். வயது நாற்பத்தொன்பது. புதுச்சேரி முத்தியால்பேட்டை சகோதர வாசகசாலையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக நூலகர். எங்கள் வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜூலை பதினாலும், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, பதினாலு புத்தகங்களைப் பரிந்துரைத்துப் பட்டியல் வாசிக்க வேண்டும். அதில் எட்டுப் புத்தகமாவது பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அட்டையில் நாலு வரி, கீழே "படித்துப் பரிந்துரைப்பவர்" என்று நூலகர் கையெழுத்து. வாசகசாலையை ஆரம்பித்தவர் எழுதி வைத்த விதி இது. படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவராம்.

இந்த வருடம் பிரான்ஸிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். பட்டியல் வாசித்து முடிந்ததும் அவர்கள் முன்னிலையில் என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் செயலாளர் ராயப்ப முசே (எங்கள் ஊரில் ஐயாவுக்கு முசே) சொல்லியிருக்கிறார்.

தைரியநாதன் சாருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஆறு நாள். அதனால் பட்டியல் வேலை அப்படியே நின்றுவிட்டது. அதுதான் என் கவலை.

ஜூன் 18, செவ்வாய்

தைரியநாதன் சார் யாரென்று எழுதவில்லையே. சொத்துப் பத்திரம் முடிக்கிற நொத்தேர் ஆபீஸில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். மனைவி தவறிப் பத்து வருடமாகிறது. ஒரே மகள் கிளேர் துலூஸில் இருக்கிறாள். ஓய்வுக்குப் பிறகு தினமும் மூன்றரைக்கு வாசகசாலைக்கு வருவார். நான் டீ போடுவேன். எங்களிடம் ஒரு பழைய நொத்தேர் வீட்டிலிருந்து வந்த இருநூறு பிரெஞ்சுப் புத்தகங்கள் நீல அட்டை போட்டு இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வந்து என்னிடம் கதை சொல்வார். நான் அட்டை எழுதுவேன். அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து படிப்பது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிளகு ரசம் கொண்டுபோனேன். வலது கை அசையவில்லை. சட்டைப் பொத்தானை நர்ஸ் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தாள். ஒரு மனிதரை இப்படியா உட்கார வைப்பது என்று கேட்டேன். "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்டாள். வாசகசாலை என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சு வந்துவிட்டது. ஆனால் தமிழ் வரவில்லை. டாக்டர் விளக்கினார்: பக்கவாதத்தில் சிலருக்கு ஒரு மொழி போய் இன்னொரு மொழி நிற்குமாம். சாருக்குத் தமிழ் போய், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு நின்றுவிட்டது. நாம் பேசுவதும் பாதிதான் புரிகிறதாம். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்கு டாக்டர்?

என்னைப் பார்த்ததும் என்னவோ நிறையப் பேசினார். எனக்கு பிரெஞ்சில் "போன்ழூர்", "மெர்சி" தவிர ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

ஜூன் 19, புதன்

ரசம் வேண்டாம் என்று தலையசைத்தார். சூப் குடித்தார்.

ஜூன் 22, சனி

தமிழ்ப் புத்தகங்கள் ஆறையும் முடித்துவிட்டேன். இவற்றை நானே படித்தேன், ஒரு வரி விடாமல். அட்டையில் எழுதியது:

சைகோனில் பால் வியாபாரம் செய்த காரைக்கால்காரரின் தன்வரலாறு. பாலில் தண்ணீர் கலந்ததை ஒப்புக்கொள்ளும் ஒரே வியாபாரி இவராகத்தான் இருப்பார். முதல் அத்தியாயத்துக்காகவே படிக்கலாம்.

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இருந்தும் கீழே வைக்க முடியாது, ஏனென்றால் இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லையே என்று நமக்குப் பதறும்.

புதுச்சேரிச் சமையல் புத்தகம். விந்தாலுக் கறிப் பக்கத்தில் போன வாசகர் மசாலா சிந்தியிருக்கிறார். அளவு சரி என்பதற்கு அதுவே சாட்சி.

முதன்முதலில் பலூனில் ஏறிப் பறந்த ஆட்டைப் பற்றிய சிறுவர் புத்தகம். பிரான்ஸ் ராஜா வேடிக்கை பார்த்தார். ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மற்ற இரண்டும் காரைக்கால் துறைமுக வரலாறும் தென்னை வளர்ப்பும். தென்னைக்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமா என்ன.

பிரெஞ்சுப் புத்தகங்கள் எட்டில் ஆறுக்குச் சார் ஏற்கெனவே கதை சொல்லி, நான் அட்டையும் எழுதிவிட்டேன். அதில் சில பழைய பட்டியல்களிலும் இருந்தவை, விதி அதைத் தடுக்கவில்லை. இரண்டு பாக்கி. அந்தக் கவலையில் வாசகசாலைப் பூட்டை இன்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

ராயப்ப முசே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எழுபது வயதிலும் முதுகு வளையாது. "எட்டும் ரெடியா?" என்றார். ஆச்சு என்றேன். பட்டியல் வாசிக்கும்போது பதினாலு புத்தகங்களையும் மேஜைமேல் பூ வைத்து அடுக்க வேண்டுமாம். விருந்தினர்கள் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்களாம்.

"தைரியநாதன் இல்லாம நீயே எட்டையும் படிச்சியா? பரவாயில்லியே!" என்றார்.

எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லவில்லை.

வரும்போது ஒரு சேலை வாங்கினேன். மாம்பழ மஞ்சள். விழாவுக்கு.

ஜூன் 27, வியாழன்

சாருக்கு அலுப்பாக இருக்குமே என்று நீல அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனேன். ஏனென்றால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "பா தாங் லே லீவ்ர்." காதில் விழுந்தபடி எழுதி வைக்கிறேன். லீவ்ர் என்றால் புத்தகம் என்று தெரியும், எங்கள் வாசல் பலகையிலேயே இருக்கிறது. புத்தகம் கேட்கிறார் என்று நினைத்தேன். கையில் கொடுத்தால் தள்ளிவிட்டார். இன்னொன்று கொடுத்தேன். அதையும் தள்ளிவிட்டு, முகம் சிவந்து, இடது கையால் கட்டிலை அடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

அவர் சொன்ன கதைகளை பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. வியாழக்கிழமைதோறும் ஒரு பெண் வந்து டிக்கெட் எடுப்பாள். இருபது வருடம் எடுத்துக் கொடுக்கிறார், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவர், தபாலாபீஸ் பெண்ணுக்குத் தினமும் கடிதம் எழுதுவார். அனுப்ப மாட்டார். அனுப்பினால் அவளே அல்லவா அதில் முத்திரை குத்த வேண்டும் என்று வெட்கம். திராட்சைத் தோட்டத்துக்காரர் நன்றாக இருக்கும் மதிலை வருடாவருடம் இடித்துக் கட்டுவார், கட்டும்போது பக்கத்துத் தோட்டத்து அம்மாவைப் பார்க்கலாமே என்று. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் வேண்டுமென்றே அரைகுறையாக ரிப்பேர் செய்வார், அந்த வாடிக்கையாளர் திரும்பி வரட்டும் என்று.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து கேட்டேன். "ஏன் சார், இந்த பிரெஞ்சு ஆம்பளைங்களுக்கெல்லாம் வாயில கொழுக்கட்டையா? ஒருத்தன்கூடச் சொல்ல மாட்டானா?" அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "அந்த ஊர் குளிரு அப்படிம்மா" என்றார். பெயர்தான் தைரியநாதன், பேச்சு இப்படி.

ஜூன் 30, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய் வந்ததும் ஒரு வழி தோன்றியது. போன மாதம் பொன்னரசி என்று ஒரு பெண் உறுப்பினராகச் சேர்ந்தாள். இருபத்தெட்டு வயது, பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறாள். பாக்கி இரண்டு புத்தகத்தையும் அவளைப் படிக்கச் சொல்லிக் கதையைக் கேட்டுக்கொண்டால் ஆயிற்று. இதுவரைக்கும் ஏன் தோன்றவில்லை என்றால், பிரெஞ்சு தெரிந்தவர்கள் எங்கள் வாசகசாலைக்கு வருவதே இல்லை. ராயப்ப முசேக்குப் பட்டாளத்து பிரெஞ்சு, பேசுவார், படிக்க மாட்டார்.

போனில் கேட்டேன். "படிச்சுச் சொல்றேங்க்கா, அதுக்கென்ன" என்றாள். நல்ல பெண்.

அவளிடம் என்ன சொல்லிக் கேட்டேன் என்பதை எழுத வேண்டும். எனக்குக் கண் சரியில்லை, சின்ன எழுத்து தெரியவில்லை என்றேன்.

ஜூலை 3, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பொன்னரசி சாயங்காலம் வந்தாள். இரண்டு புத்தகத்தையும் மேஜையில் வைத்தாள். "அக்கா, இதுல கதையே இல்ல. ஒண்ணு வாரிசுரிமைச் சட்டம். இன்னொண்ணு வாய்க்கால் தூர் வார்ற விதி. இதைப் போய்ப் பரிந்துரைக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள்.

நொத்தேர் வீட்டுப் புத்தகம், சட்டமும் இருக்கும்தானே என்று நானும் சிரித்தேன். வேறு இரண்டு எடுத்துத் தருகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் அவள், நான் பட்டியலுக்காகத் தனியே அடுக்கி வைத்திருந்த ஆறு புத்தகங்களில் மேலே இருந்ததை எடுத்துவிட்டாள். உள்ளே என் அட்டை. படித்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். திரும்ப அட்டையைப் படித்தாள்.

"அக்கா, அட்டை மாறிடுச்சு. இதுல கலங்கரை விளக்கம்னு எழுதியிருக்கீங்க. இது சிப்பி வளர்ப்புப் புத்தகம்."

சிப்பிப் படங்கள் இருப்பது எனக்கும் தெரியும். சாரிடம் அப்போதே கேட்டேன். கதை கடற்கரையில் நடக்கிறதல்லவா, அதற்குத்தான் படம் என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

"கடிதம் எழுதற காவலாளி வரலியா? நல்லாப் பாரும்மா" என்றேன்.

"ஆளே வரலக்கா. சிப்பிதான் வருது."

தலைவலி என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். ஸ்டேஷன் குமாஸ்தா புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பாலங்கள், இரும்புத் தூண்கள், எண்கள். இதை நான் ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை தூசி தட்டியிருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

வாசகசாலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

ஜூலை 6, சனி

பொன்னரசிக்கு உண்மையைச் சொன்னேன். எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை, பிரெஞ்சே தெரியாது, ஒன்பது வருடமாக "படித்துப் பரிந்துரைப்பவர்" என்று கையெழுத்துப் போட்ட எழுபத்திரண்டு பிரெஞ்சு அட்டைக்கு ஒரு புத்தகத்தைக்கூட நான் படிக்கவில்லை. அவள் திட்டவில்லை. "மத்ததையும் பார்த்துடலாங்க்கா" என்றாள்.

பார்த்தோம். ரயில் பாலப் பராமரிப்பு. சிப்பி. திராட்சைக் கொடியில் வரும் பூஞ்சை நோய். கடிகாரக்காரர் கதை இருக்க வேண்டிய இடத்தில் எடை, அளவுச் சட்டம். மற்ற இரண்டில் ஒன்று மாட்டு வைத்தியம். கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தில், சார் பென்சிலால் ஓரமாக ஏதோ எழுதியிருந்தார். ஆசையோடு வாங்கிப் படித்தேன். டீயில் எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று தமிழில் குறித்திருக்கிறார். ஒன்றரை ஸ்பூன்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுபத்திரண்டு பொய்! ஊரெல்லாம் நம்பி எடுத்துப் போயிருக்கிறது. என் பெயரைக் கெடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். கேட்கலாம் என்றால் அவருக்குத் தமிழ் இல்லை, எனக்கு பிரெஞ்சு இல்லை.

அவர் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். உள்ளே போகவில்லை.

ஜூலை 8, திங்கள்

கிளேர் வந்துவிட்டாளாம். சாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததே அவள்தானாம். பதினாறாம் தேதி சாரை துலூஸுக்கு அழைத்துப் போகிறாள். பால்காரர் சொன்னார். நல்லதுதான், அங்கே பிரெஞ்சு பேச ஆள் இருக்கும்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று வைத்த குழம்பு, அதனால் இருக்கும்.

பொன்னரசியிடம் இந்த நோட்டின் அந்த ஒரு வரியை மட்டும் காட்டினேன், மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு. பா தாங் லே லீவ்ர். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"'புத்தகங்கள்ல இல்ல'ன்னு அர்த்தம்க்கா."

படுக்கையில் விழுந்த நாள் முதலாக அவர் என்னை எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் சொன்னது எதுவும் புத்தகத்தில் இல்லை, விருந்தினர் முன்னால் மாட்டிக்கொள்ளாதே என்று. நான் என்னடாவென்றால் ஒவ்வொரு புத்தகமாக அவர் கையில் திணித்திருக்கிறேன். பாவம், கட்டிலை அடித்தார்.

ஜூலை 11, வியாழன்

மூன்று நாளாக ஒரே யோசனை. ஆறையும் எடுத்துவிட்டு வேறு பிரெஞ்சுப் புத்தகம் வைக்கலாம். பொன்னரசி இரவல் கொண்டுவந்து தருகிறேன் என்கிறாள், நாலு வரியும் அவளே எழுதித் தருவாள். நான் கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கும் தெரியாது, நிரந்தரமும் ஆகிவிடும். மூளை இதைத்தான் சொல்கிறது.

ஆனால் அந்தக் குமாஸ்தாவை எப்படி எடுப்பது? இருபது வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அட்டையைக் கிழித்தால் அவர் எங்கேயும் இருக்க மாட்டார். எழுதும்போது எனக்கே பைத்தியமோ என்று தோன்றுகிறது.

மஞ்சள் சேலைக்கு ரவிக்கை தைத்து வந்தது. தோளில் இறுக்கம். பிரித்து விட்டேன்.

ஜூலை 13, சனி

புத்தகங்களை மேஜையில் அடுக்கினேன். பதினாலும் அதே பதினாலுதான், சட்டமும் வாய்க்காலும் உள்பட. பொன்னரசி பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சீங்களாக்கா?" என்றாள். இல்லை என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுத்துவிட்டு, அப்படியே பதினோரு மணிக்கு வாசகசாலைக்கு வந்தார்கள். விருந்தினர் ஆறு பேர். நாலு பேர் பிரான்ஸில் குடியேறிய நம் ஊர்க் குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டு பேர் வெள்ளைக்கார அம்மாக்கள். நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள்.

நான் எழுந்திருப்பதற்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா மேஜையிலிருந்து சிப்பிப் புத்தகத்தை எடுத்துவிட்டார். அட்டையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பொன்னரசியிடம் கேட்டார். பொன்னரசி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை.

தமிழ்ப் புத்தகம் ஆறையும் முதலில் வாசித்தேன். பலூன் ஆட்டுக்குச் சிரித்தார்கள். பிறகு சொன்னேன். "மத்த எட்டும் பிரெஞ்சு. எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஒன்பது வருஷமா படிச்சதாக் கையெழுத்துப் போட்டது பொய். இந்த எட்டுல நிஜமா என்ன இருக்குன்னு முதல்ல சொல்றேன், பொன்னரசி படிச்சுச் சொன்னது." பாலம், சிப்பி, பூஞ்சை, எடைச் சட்டம், மாடு எல்லாம் சொன்னேன். ராயப்ப முசேயின் கழுத்து நரம்பு புடைத்தது. "இதுல ஆறு புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு தைரியநாதன் சார் எனக்குச் சொன்ன கதைங்க இது" என்று ஆறு அட்டையையும் வாசித்தேன். பொன்னரசி பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னாள். குரல் எனக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. சளி இல்லை, சும்மா எழுதுவானேன்.

முடித்ததும் ராயப்ப முசே எழுந்தார். "இது என்ன கூத்து? நாலு வருஷமா இந்த ஸ்டேஷன் கதைய நான் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியறேனே!"

பின் வரிசையிலிருந்து மதாம் ரொசாலி கையைத் தூக்கினார். எழுபது தாண்டியவர், எப்போதும் பிரெஞ்சுப் புத்தகமாகப் பார்த்து எடுத்துப் போவார். "எனக்கும் பிரெஞ்சு தெரியாதுங்க முசே. மூணு தடவை அந்த டிக்கெட் குமாஸ்தா புத்தகத்த எடுத்துட்டுப் போயிருக்கேன். அட்டையப் படிச்சிட்டு தலைமாட்டுல வச்சுக்குவேன். நானும் படிச்சதா இவங்ககிட்ட சொல்லித்தான் திருப்பிக் குடுத்துருக்கேன்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டார். பொன்னரசி என் பக்கம் திரும்பினாள். "அந்தக் குமாஸ்தா கடைசில அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாரா இல்லியான்னு கேக்கறாங்கக்கா."

"தெரியாது. கதை சொன்னவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்று சொல்லி ராயப்ப முசே சாவியை வாங்கிக்கொண்டார். இன்றைக்குப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 15, திங்கள்

பொன்னரசிக்கு வகுப்பு. வர முடியாது. நாளைக்குச் சார் போய்விடுவார். தனியாகப் போனேன்.

கிளேர் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து இருக்கும். தூங்காத முகம். கூடத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது, அதில் சாரின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பா தாங் என்று ஆரம்பித்தார். "தெரியும் சார், தெரியும்" என்றேன். எந்த அளவுக்குப் புரிந்ததோ, நிறுத்திவிட்டார்.

"நீங்கதான் வாசகசாலையா?" என்றாள் கிளேர். "உங்க நேத்துக் கதை தெரு முழுக்கப் பேச்சா இருக்கு."

"ஆமாம்மா. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்கு பிரெஞ்சு வராது. நீதான் கேட்டுச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"அத்தனை புத்தகத்துலயும் இல்லாததை ஏன் சொன்னீங்கன்னு கேளு."

அவள் கேட்டாள். சார் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார், நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம். கிளேர் கேட்டுக்கொண்டே ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். அவர் முடித்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

என்னைப் பார்க்காமல் சொன்னாள். "டீ குடிச்சு முடிச்சா நாலு மணிக்கு நீங்க எழுந்து உங்க வேலையப் பார்க்கப் போயிடுவீங்களாம். கதை இருந்தா அஞ்சரை வரைக்கும் உட்காருவீங்களாம். அந்தப் புத்தகத்துலயெல்லாம் ஒண்ணும் இல்லியாம். அதனால இவரே சொன்னாராம்."

ஒரு மாதமாக இந்த நோட்டில் பட்டியல் கவலை, வேலைக் கவலை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சாவி போனதும் நேற்று நான் அழவில்லை. நாளை இந்த நாற்காலி காலியாக இருக்கும் என்பதற்குத்தான் ஜூன் மாதத்திலிருந்து எனக்குப் படபடப்பு. எழுதிவிட்டேன். இனி அடித்து அழிக்க மாட்டேன்.

"கிளேர், அவரை இங்கயே விட்டுட்டுப் போம்மா. நான் பார்த்துக்கறேன்."

அவள் நிமிர்ந்தாள். கோபமா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "வேளாவேளைக்கு மருந்து, கை கால் பயிற்சி, குளிக்க வைக்கணும். சும்மா வந்து போற காரியமில்ல. நீங்க எங்க அப்பாவுக்கு என்ன உறவு? ஊர் என்ன பேசும்னு யோசிச்சீங்களா?"

நர்ஸ் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை வாசகசாலை என்று சொல்ல வாயில்லை, வாசகசாலையும் இல்லை. மாம்பழ மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நாற்பத்தொன்பது வயதில் ஒரு மகளிடம் நின்று நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஒரு உறவும் இல்லம்மா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு அவரைக் கேளு. எனக்குச் சம்மதம்னும் சொல்லு. அதையும் சேர்த்துச் சொல்லு."

கிளேர் கையிலிருந்த சட்டையைப் பெட்டியில் போட்டாள். அப்பாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்து, மெதுவாகக் கேட்டாள். அவ்வளவு மெதுவாக என்றாலும் பிரெஞ்சு பிரெஞ்சுதான், எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. சார் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். பதில் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. நடுவில் சிரித்தார், நடுவில் அழுதார். கிளேரும் அழுதாள், ஏதோ குறுக்கே கேட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டிக்குப் போனாள். அடுக்கி வைத்திருந்த அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் வாங்கி அலமாரியில் வைத்தேன்.